இனாமாய் வரும் மாயமான்

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)





"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று நம்மவர்கள் ஒரு பழமொழி சொல்லுவார்கள். இனாமாக வந்த பொருளிற் குற்றங் காண்பது பண்பாகாது என்பது அதன் கருத்து. மாட்டைப் பொறுத்த வரையில் அது நல்ல புத்திமதியே. ஆனால் இன்று நம் கைத்தொலைபேசிக்கும் கணினிக்கும் இனாமாக வந்து சேரும் பொருள்களைப் பற்றிப் பேச முற்பட்டிருக்கும் நாம், அப்பழமொழியைச் சற்று நேரம் ஒதுக்கி வைக்கும்படி மூத்தோரை வேண்டிக்கொள்ளுகிறோம். இந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும். சில வேளைகளில் அது மாடாகவே இருப்பதில்லை.

நாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்தில் ஆங்கில வகுப்பிலே கிரேக்கருடைய மரக்குதிரைக் கதையைக் கேட்டிருக்கிறோம். திரோய் நகரைப் பத்தாண்டு முற்றுகையிட்டும் பிடிக்க முடியாத கிரேக்கர், பெரியதொரு மரக்குதிரையைச் செய்து கோட்டைக்கு வெளியே நிறுத்திவிட்டு, கப்பலேறிப் போய்விட்டவர்கள் போல நடித்தனர். நகரத்தார் அதை வெற்றிப் பரிசென்று எண்ணித் தாமே உள்ளே இழுத்துச் சென்றனர். இரவிலே குதிரையின் வயிற்றுக்குள் இருந்த வீரர் இறங்கிக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டனர். நல்ல பொருள்போலத் தோன்றி உள்ளே தீங்கைச் சுமந்துவரும் கணினி நிரலுக்கு 'ட்ரோஜன்' என்ற பெயர் வந்தது இந்தக் கதையினாலேதான். எல்லாவற்றையும் 'வைரஸ்' என்று ஒரே சொல்லாற் குறிப்பிடுவது நம் வழக்கம். வைரஸ் என்பது ஒரு கோப்பிலிருந்து மற்றொரு கோப்புக்குத் தானாகவே ஒட்டிப் பரவுவது. ட்ரோஜன் அப்படித் தானாக நுழைவதில்லை. நாம் அழைக்க வேண்டும். கதவையும் நாமே திறந்துவிட வேண்டும்.

ஆயினும் இந்தச் சபைக்கு இவ்விடயத்தை விளக்குவதற்குக் கிரேக்க தேசம் வரை போக வேண்டியதில்லை. நம் பாட்டிமார் சொன்ன கதையிலே வரும் மாரீசன் இன்னும் பொருத்தமானவன். அவன் சீதையைத் தொடவேயில்லை. ஆசை கொள்ளத்தக்க பொன்மானாகத் தோன்றினான். காவல் நின்றவரை அப்புறப்படுத்தினான். அவ்வளவுதான் அவன் வேலை. போதாக்குறைக்கு இறக்குந் தறுவாயில் இராமனுடைய குரலிலே கூவினான். இந்தக் குரல் விடயத்தை மறவாதிருங்கள், பின்னர் அதற்கு வருவோம். அது மான் அன்று என்று முதலில் ஐயுற்றவன் வீட்டில் இளையவனாகிய இலக்குவன். நம் இளைஞர்கள் இதைக் கேட்டு உடனே மகிழ வேண்டாம். அவர்களைப் பற்றியும் சொல்ல இருக்கிறது.

இவ்வகை வஞ்சனை இணையத்தோடு பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. 1989 டிசெம்பர் மாதத்திலே, இணையம் பொதுமக்கள் கைக்கு வராத காலத்திலே, ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள் தபால் மூலம் பல நாடுகளுக்கும் அனுப்பப்பட்டன. எயிட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று அவற்றின்மேல் எழுதியிருந்தது. அப்போது உலகமே அந்நோயை எண்ணி நடுங்கிக்கொண்டிருந்தது. பெற்றவர்களிற் பலர் அந்நோய் பற்றிய மாநாட்டிற் கலந்துகொண்டவர்கள். மற்றும் பலர் கணினிச் சஞ்சிகை ஒன்றின் சந்தாதாரர்கள். வட்டைக் கணினியிற் போட்டதும், ஒருவருக்கு நோய் தொற்றும் ஆபத்து எவ்வளவு என்று கேள்விகள் கேட்டுக் கணித்துச் சொல்லும் நிரலொன்று உண்மையாகவே ஓடியது. கணினியை ஏறக்குறைய 90 தடவை இயக்கும் வரையில் வேறெதுவும் நடக்கவில்லை. அதன் பின்னர் கோப்புகளின் பெயர்களெல்லாம் உருமாறிப் போயின. பனாமா நாட்டுத் தபாற்பெட்டி ஒன்றுக்கு 189 டொலர் அனுப்பும்படி திரையில் எழுத்துத் தோன்றியது. இதன் பொருட்டுக் கைதுசெய்யப்பட்டவர் ஜோசப் பொப் என்னும் உயிரியலாளர். அவருடைய மனநிலை விசாரணைக்கு ஏற்றதாக இல்லையென்று பிரித்தானிய நீதிமன்றம் கண்டபடியால் வழக்கு நடைபெறவில்லை.

இக்கதையில் இரண்டு விடயங்கள் எம்மை வியக்கச் செய்கின்றன. அந்த நிரல் சொன்ன வேலையைச் செய்தது. பொய்ப் பொருளென்று யாரும் அதை எறிந்துவிடவில்லை. மற்றையது அந்தத் தொண்ணூறு என்ற எண். "நானும்தான் போட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று நம் நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் அந்த எண்தான் எம் நினைவுக்கு வருகிறது. முதல் எண்பத்தொன்பது தடவையும் அவர்களும் அப்படித்தானே சொல்லியிருப்பார்கள்?

நிற்க. நம் மாத்தளைப் பகுதிக்கு வருவோம். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மலைநாட்டிலே பிள்ளைகள் அலைவரிசை கிடைக்கும் மேட்டையும் பாறையையும் தேடி ஏறி இருந்து பாடம் கேட்டார்கள். அதுவரையில் நல்ல கைத்தொலைபேசியைக் கண்டிராத எத்தனையோ தோட்டத்து வீடுகளுக்குள் அந்த நாட்களில்தான் அது வந்து சேர்ந்தது. நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. இது நல்ல விடயமே. படிப்பு நின்றுபோகாமல் அது காத்தது. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்ற நிலைமை பிறகும் தொடர்கிறது. பகலிலே அதில் மகன் விளையாடுகிறான், மகள் உயர்தர வகுப்புக் குறிப்பைத் தரவிறக்குகிறாள். அதே போனில்தான் மத்திய கிழக்கிலே வீட்டுவேலை செய்யும் தாய் அனுப்பும் பணத்தைப் பற்றிய வங்கிச் செய்தி வருகிறது. விளையாட்டுச் சாமானும் பணப்பெட்டியும் ஒன்றாயிருக்கும் வீடு இதற்கு முன் எங்கேயாவது இருந்ததா?

அந்தக் காலத்திலேதான் '50 ஜீபீ இலவச டேட்டா' என்ற செய்தியும் வீடு வீடாக வந்தது. டேட்டா தீர்ந்துவிட்டால் பாடம் நின்றுவிடும் என்று தவிக்கிற பெற்றோர்க்கு அதைவிடப் பெரிய பொன்மான் வேறென்ன வேண்டும்? பெயர்பெற்ற பேரங்காடிகளின் ஆண்டு நிறைவுப் பரிசு என்றும், அரசாங்கத்தின் நிவாரணக் கொடுப்பனவு என்றும் அதே மான் வேறு வேறு நிறங்களில் உலாவுகிறது. இணைப்பை அழுத்தினால் இலகுவான மூன்று நான்கு கேள்விகள். பிறகு, "வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள், இதனை இருபது பேருக்கு அனுப்புங்கள்" என்ற வேண்டுகோள். இறுதியில் தொலைபேசி இலக்கம், வங்கி அட்டை இலக்கம் ஆகியவற்றைக் கேட்கும். அல்லது "பரிசைப் பெற இந்தச் செயலியை நிறுவுங்கள்" என்னும். வங்கியோ தொலைபேசிக் கம்பனியோ பரிசு தரும்போது அதை இருபது பேருக்குச் சொல்லும்படி ஏன் கேட்க வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். ஆனால் பரிசு என்ற சொல் அந்த ஒரு நிமிடத்தைத்தான் முதலிற் பறித்துக்கொள்ளுகிறது.

இவ்வளவும் கேட்ட இளைஞர்கள், "அப்பாவுக்கும் அம்மாவுக்கும்தான் இந்தப் புத்திமதி தேவை, நாங்கள் ஏமாற மாட்டோம்" என்று நினைக்கலாம். எமது கருத்து அதற்கு நேர்மாறானது. மூத்தோர் ஒரு போனைத்தான் பறிகொடுக்கிறார்கள். வீட்டுக் கணினிக்கும், கொமியூனிகேஷன் கடைக் கணினிக்கும், சிநேகிதனுடைய மடிக்கணினிக்கும் மரக்குதிரையைத் தோளில் வைத்துச் சுமந்து செல்பவர்கள் கணினி தெரிந்தவர் என்று பெயரெடுத்த இளைஞர்களே. விலை கொடுத்து வாங்கவேண்டிய விண்டோஸ், ஃபோட்டோஷொப் முதலியவற்றைப் பூட்டுடைத்து இனாமாகத் தருவதாகச் சொல்லும் 'கிராக்' என்னும் சரக்கு அவர்களாற்றான் ஊருக்குள் வருகிறது. விளையாட்டுப் பிரியர்களுக்கு 'இலவச வைரம்' தருவதாகச் சொல்லும் திருத்திய செயலிகளும் அவ்விதமே.

பூட்டுடைத்த சரக்கிலே என்ன வருகிறதென்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம். 'ஸ்டொப்' என்றும் 'டிஜேவியூ' என்றும் பெயர் பெற்ற ஒரு கப்ப நிரல் 2018 அளவிலிருந்து உலகெங்கும் பரவியது. பெரிய கம்பனிகளை அது நாடவில்லை. பூட்டுடைத்த மென்பொருளையும் அதற்குரிய சாவியை உண்டாக்கும் சிறு நிரலையும் தேடித் தரவிறக்கும் மாணவர், சிறு கடைக்காரர், வீட்டுப் பாவனையாளர் ஆகியோரையே அது பிடித்தது. உள்ளே புகுந்ததும் புகைப்படம், கட்டுரை, கணக்கு, பாட்டு என்று எல்லாவற்றையும் மறைகுறியாக மாற்றிவிட்டு ஒரு கடிதத்தை வைத்துச் செல்லும். மீட்க வேண்டுமானால் 980 டொலர். 72 மணித்தியாலத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490 டொலர். பாதி விலையே நம் பணத்தில் ஒன்றரை இலட்சம் ரூபாவுக்குக் கிட்டத்தட்ட வரும். இனாமாக வந்த மென்பொருளின் விலை அது. அந்நாட்களில் இதனோடு கூடவே கடவுச்சொற்களைத் திருடும் மற்றொரு நிரலும் பல கணினிகளில் இறங்கியது.

2019 ஒக்டோபரில் எம்சிசொப்ட் என்னும் நிறுவனத்தாரும் மைக்கேல் கில்லஸ்பி என்ற ஆய்வாளரும் சேர்ந்து, இந்நிரலின் 148 வகைகளுக்கு மீட்புக் கருவியொன்றை உண்மையாகவே இனாமாக வெளியிட்டார்கள். அதற்குப் பிந்திய வகைகளுக்கு அது பெரும்பாலும் பயன்படவில்லை. அப்படிக் கோப்பிழந்தவர்கள் வேறு மருந்து கிடைக்காதா என்று அலைந்து திரிந்தார்கள். 2020 ஜூனில் என்ன நடந்தது தெரியுமா? மீட்புக் கருவி என்ற பெயரிலேயே மற்றொரு கப்ப நிரல் உலாவரத் தொடங்கியது. நம்பிப் போட்டவருடைய கோப்புகள், பூட்டின்மேற் பூட்டாக இரண்டாந் தடவையும் பூட்டப்பட்டன. இத்தனை கேடுகளுள்ளும் எம்மை மிகவும் கசப்படையச் செய்தது இதுவே. வெள்ளத்தில் வீடிழந்தவனிடம் நிவாரண மூட்டை என்று கூறிப் பாம்பைக் கொடுப்பது போன்றது அது.

காவலரை அப்புறப்படுத்தும் மாரீசன் வேலையை இங்கே நன்றாகப் பார்க்கலாம். பூட்டுடைத்த மென்பொருளோடு ஒரு குறிப்பு வரும். "நிறுவும் முன்பு வைரஸ் தடுப்பை நிறுத்திவிடவும்" என்பது அதன் முதல் வரி. விருந்துக்கு வருகிறவன், "நாயைக் கட்டி வை, வாயிற் காவற்காரனை வீட்டுக்கு அனுப்பு" என்று முன்கூட்டியே ஆளனுப்பினால் நாம் என்ன நினைப்போம்? ஆனால் கணினியென்றதும், படித்த இளைஞர்கள் அதை ஒரு சடங்குபோலச் செய்துவிடுகிறார்கள். இன்னொரு தந்திரம், கோப்பைப் பொதியாகக் கட்டிக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி, அந்தக் கடவுச்சொல்லைப் பக்கத்திலேயே எழுதிவைப்பது. சாவியையும் கூடவே தொங்கவிடும் பூட்டு யாருக்காக? நமக்காக அன்று. பூட்டிய பொதிக்குள்ளே காவல் நிரலாற் பார்க்க முடியாது. அதற்காகவே அந்தப் பூட்டு.

இனி, குரல் விடயத்துக்கு வருவோம்.

2021 ஏப்ரலிலே செக் பொயின்ற் என்னும் பாதுகாப்பு நிறுவனம் 'பிளிக்ஸ் ஒன்லைன்' என்ற செயலி ஒன்றைப் பற்றி அறிவித்தது. கூகிளின் சொந்தக் கடையிலேயே அது இருந்தது. தொற்றுக் காலத்தை முன்னிட்டு நெட்பிளிக்ஸ் படங்களை இரண்டு மாதம் இலவசமாகப் பார்க்கலாம் என்பது அதன் வாக்குறுதி. நிறுவியவருடைய வாட்ஸ்அப்புக்கு யாராவது செய்தி அனுப்பினால், அவர் அறியாமலே அவர் பெயரில் அச்செயலியே பதில் அனுப்பியது. அந்தப் பதிலில் அதே இலவச வாக்குறுதியும் இணைப்பும் இருந்தன. அது நீக்கப்படுவதற்கு முன், இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 500 தடவையே தரவிறக்கப்பட்டது. தொகை சிறிதுதான், ஆனால் முறையைப் பாருங்கள். அழைப்பது மாமாவின் பெயர்; மாமாவின் படமும் இருக்கிறது; ஆயினும் பேசுவது மாமா அன்று. இந்தியாவிலே 2024 நவம்பரில் இமாசலப் பிரதேசப் பொலிஸார் கலியாண அழைப்பிதழ்களைப் பற்றி எச்சரித்தார்கள். வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பிதழைத் திறந்தால் அது அழைப்பிதழாக இராமல் போனுக்குள் புகும் செயலியாக இருந்தது.

நம் சமூகத்தின் பலமே இங்குப் பலவீனமாகிறது. அந்நியன் அனுப்பியதை நாம் நம்புவதில்லை. பெரியப்பா அனுப்பினார், கோயில் வாட்ஸ்அப் குழுவில் வந்தது, பாடசாலை நண்பன் தந்தான் என்றால் மறுபேச்சில்லை. வஞ்சகர் நாடுவது அந்த நம்பிக்கையைத்தான். ஆகையால், யார் அனுப்பினார் என்று பார்ப்பது மட்டும் போதாது. என்ன அனுப்பப்பட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் அனுப்பியவருக்கு ஒரு அழைப்பெடுத்து, "மாமா, நீங்கள்தான் அனுப்பினீர்களா?" என்று கேட்கலாம். அப்படிக் கேட்பதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மூத்தோரை இந்தச் சபையிலேயே கேட்டுக்கொள்ளுகிறோம்.

என்ன அனுப்பப்பட்டிருக்கிறது என்று அறிவது எப்படி? மாட்டின் பல் இருக்குமிடம் கோப்புப் பெயரின் கடைசி எழுத்துக்களே. படமாயின் ஜே.பி.ஜி., பத்திரமாயின் பி.டி.எப்., பாட்டாயின் எம்.பி.3, தமிழ் எழுத்துருவாயின் டி.டி.எப். என்று முடியும். அழைப்பிதழோ வினாத்தாளோ பாமினி எழுத்துருவோ ஏ.பி.கே. என்றோ இ.எக்ஸ்.இ. என்றோ முடிந்தால், பெயர் எதுவாயிருந்தாலும் அது ஓர் இயங்கும் நிரல். விண்டோஸ் கணினி இந்தக் கடைசி எழுத்துக்களை வழக்கமாக மறைத்தே காட்டும். அதனால் 'வினாத்தாள் பி.டி.எப்.' என்று நாம் காண்பதற்குப் பின்னால் இன்னொரு வால் ஒளிந்திருக்கலாம். 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்டு உலகத்தையே கலக்கிய காதற் கடிதக் கோப்பு இந்த மறைந்த வாலைக்கொண்டுதான் இலட்சக்கணக்கான கணினிகளுக்குள் புகுந்தது. வாலைக் காட்டும்படி கணினியில் ஒரு தடவை மாற்றி வைத்துவிட்டால் போதும். வெறும் எழுத்தாக வரும் கோப்பெல்லாம் முற்றிலும் ஆபத்தற்றது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வாலைப் பார்க்கும் பழக்கம் பெரும்பாலான மான்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

போனிலே மற்றொரு பல் உண்டு. கடைக்கு வெளியிலிருந்து வரும் செயலியை நிறுவும்போது அன்ட்ரொயிட் போன் நம்மை மறித்து, "அறியாத இடத்திலிருந்து வருகிறது, அனுமதிக்கவா?" என்று கேட்கும். அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அதையும் தாண்டினால், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி, தொடர்பிலக்கங்களைப் பார்க்க அனுமதி, பார்வைக் குறைபாடு உடையோர்க்கென அமைந்த உதவிச் சேவையைப் பயன்படுத்த அனுமதி என்று ஒவ்வொன்றாய்க் கேட்கும். கடைசியாகச் சொன்னதைக் கொடுத்துவிட்டால், திரையில் உள்ளதைப் படிக்கவும் நமக்குப் பதிலாகத் தானே விரலை வைத்து அழுத்தவும் அச்செயலியால் முடியும். குறுஞ்செய்தியைப் படிக்க விட்டால், வங்கி அனுப்பும் ஒரு தடவைக் கடவுச்சொல்லும் அதன் கைக்குப் போய்விடும். டோர்ச் விளக்கெரிக்கும் ஒரு செயலிக்கு நம் குறுஞ்செய்தி எதற்கு? பொன்மான் புல்லைத்தான் கேட்கும். பெட்டிச் சாவியைக் கேட்பது மானாக இருக்க முடியாது.

மூத்தோர்கள் இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. மாத்தளையிலே மிளகு வாங்கி விற்ற குடும்பங்கள் இங்கே பல இருக்கின்றன. மிளகிலே பப்பாசி விதையைக் கலந்து கொண்டுவருகிறவனை நீங்கள் எப்படிப் பிடிக்கிறீர்கள்? கையில் அள்ளிப் பாரம் பார்க்கிறீர்கள், நசுக்கி முகருகிறீர்கள், தண்ணீரிற் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கிறீர்கள். சாக்கின்மேல் எழுதியிருக்கும் பெயரைக் கண்டு ஒருவரும் காசு கொடுப்பதில்லை. அந்தப் பழக்கம் கையில் இருக்கும்போது, கணினி தெரியாதே என்ற கூச்சம் எதற்கு? சில வேளை எம் போன்ற பட்டதாரி மாணவரைவிட மிளகு வியாபாரியே இவ்விடயத்தில் நல்ல மாணவனாவான் என்பது எமது எண்ணம்.

"உங்கள் போனில் 13 வைரஸ்கள் இருக்கின்றன, உடனே இதை நிறுவித் துடையுங்கள்" என்று சிவப்பெழுத்திற் குதிக்கும் அறிவிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆடு நனைகிறதென்று அழும் ஓநாய் அது. பக்கத்தை மூடிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இழப்பு வந்தபின் என்னவாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரியதொரு சாட்சி இருக்கிறது. 2023 ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவையை ஒரு கப்ப நிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக் கடிதங்கள் மீட்கப்படவில்லை. அந்தக் காலத்துக்குரிய வேறு பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்ததோ பழைய 2013 ஆம் ஆண்டு மென்பொருள். ஐயத்துக்குரிய இணைப்புகள் சில வாரங்களாக வந்துகொண்டிருந்தன என்றும், அவற்றில் ஒன்றை யாரோ அழுத்தியிருக்கலாம் என்றும் அப்போது அதிகாரிகள் கூறினார்கள். அரசாங்கத்துக்கே மூன்று மாதத்துக் கடிதம் போய்விட்டதென்றால், ஒரேயொரு மடிக்கணினியில் மூன்று வருட ஆய்வுக் குறிப்பை வைத்திருக்கும் மாணவன் நிலை என்ன? கோயிற் கணக்கையும் அங்கத்தவர் பட்டியலையும் ஒரே கணினியில் வைத்திருக்கும் சங்கங்களின் நிலை என்ன? முக்கியமானவற்றை ஒரு பென் டிரைவிலோ புறத்தட்டிலோ பிரதி எடுத்து, கணினியிலிருந்து கழற்றி, அலுமாரியில் வைக்க வேண்டும். கழற்றி வைப்பது முக்கியம். மாட்டியபடியே இருந்தால் வீட்டோடு சேர்ந்து பெட்டியும் எரிந்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். "பட்டப்படிப்புப் படிக்கும் நீர் சொல்லிவிடுவீர், பல்லாயிரம் ரூபா கொடுத்து மென்பொருள் வாங்க எங்களால் முடியுமா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். கேள்வி சரியானதே. வறுமையைக் குற்றமாக்கிப் பேச நாம் இங்கு வரவில்லை. ஆனால் வஞ்சகமில்லாத இனாமும் உலகத்தில் உண்டு, அதை நம் ஊரில் யாரும் எடுத்துச் சொல்லுவதில்லை என்பதே எமது குறை. கடிதமும் கணக்கும் எழுதுவதற்கு லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. படங்களைத் திருத்துவதற்கு கிம்ப், சுவரொட்டி வரைவதற்கு இங்க்ஸ்கேப், படமும் பாட்டும் ஓடவிட வீ.எல்.சி., தமிழ் தட்டெழுத எ-கலப்பை ஆகியவை இருக்கின்றன. பழைய கணினிக்கு லினக்ஸ் இருக்கிறது. விண்டோஸ் 10 இற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டபடியால், புதியது வாங்க முடியாதவர்க்கு இது இப்போது பெரிய உபகாரம். இவற்றைச் செய்தவர்கள் தம் பெயரைச் சொல்லி, நிரலின் உள்ளமைப்பையே யாவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். காவலை நிறுத்து என்று அவர்கள் கேட்பதில்லை. அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். இதே பெயர்களைச் சூட்டிக்கொண்டு வேறிடங்களில் நிற்கும் மான்களும் உண்டு. ஃபோட்டோஷொப்பில் இருக்கும் எல்லா வசதியும் கிம்ப்பில் இல்லை. பழகச் சில வாரம் பிடிக்கும். அச்சுத் தொழில் செய்வோர்க்கு அது உண்மையான சிரமம் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். அழைப்பிதழுக்கும் கோயில் விழா அறிவித்தலுக்கும் அது தாராளமாகப் போதும்.

யாராவது அகப்பட்டுவிட்டால் முதலில் செய்ய வேண்டியது வெட்கத்தை விடுவதுதான். ஏமாந்தவர் மறைத்து வைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் வஞ்சகனுக்கு இலாபம். போனின் டேட்டாவையும் வைபையையும் நிறுத்துங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்கு அறிவித்துக் கணக்கையும் அட்டையையும் நிறுத்திவையுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். உங்கள் பெயரில் ஏதும் வந்தால் திறக்க வேண்டாம் என்று உறவினர்க்குச் சொல்லிவிடுங்கள். 2006 இல் தொடங்கப்பட்ட 'ஸ்ரீலங்கா சேர்ட்' நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைத்து ஆலோசனை கேட்கலாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்கீழ் இது தண்டனைக்குரிய குற்றமாதலால் பொலிஸிலும் முறையிடலாம். கப்பம் கேட்டாற் கொடுக்க வேண்டாம். கொடுத்தவர்க்கெல்லாம் கோப்புத் திரும்பக் கிடைத்ததில்லை. பூட்டப்பட்ட கோப்புகளை அழித்துவிடாமல் அப்படியே வைத்திருங்கள். 2019 இற் கிடைத்ததுபோல ஒரு நாள் மீட்புக் கருவி கிடைக்கலாம்.

வீட்டிலே பிள்ளை வந்து, "அம்மா, ஏதோ ஒன்றை அழுத்திவிட்டேன்" என்றால் அடிக்காதீர்கள் என்று தாய்மாரை வேண்டிக்கொள்ளுகிறோம். அடி வாங்கிய பிள்ளை அடுத்த தடவை வாய் திறக்காது. அதேபோலத் தாயோ தந்தையோ தடுமாறி அழுத்திவிட்டால், இளைஞர்கள் சிரிக்கவும் வேண்டாம்.

கூட்டம் முடிந்தபின் மன்றத்து நண்பர் மூவர் பின் வரிசை மேசையில் இருப்பார்கள். போனைக் கொண்டுவந்தோர் அவர்களிடம் காட்டலாம். தேவையற்ற செயலிகள் எவை, எந்தச் செயலிக்கு என்ன அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று உங்களோடு இருந்து பார்த்துச் சொல்லுவார்கள். போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும்; நீங்களே அழுத்துங்கள். கடவுச்சொல்லை அவர்கள் கேட்க மாட்டார்கள். கேட்டால் கொடுக்க வேண்டாம். லிப்ரே ஒபிஸும் எ-கலப்பையும் உரிய தளங்களிலிருந்து எடுத்து வைத்திருக்கிறோம். மடிக்கணினி உள்ளோர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதைக் கொண்டுவரலாம். அதற்கு முன், முக்கியமான கோப்புகளை வேறொன்றிற் பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள்.